அறைக்குப் பொதுவான மஞ்சள் கயிறு

ஒரகடத்தில் வேலை பார்த்த காலத்தில் எங்கள் விடுதி அறையில் ஒரு தாலிக்கயிறு இருந்தது. ஆறு பேர் தங்கிய அறை. ஆறு பேரில் ஒருத்திக்கும் கல்யாணம் ஆகவில்லை. கயிற்றை வாங்கியவள் நான்தான். ஸ்ரீபெரும்புதூர்க் கோயிலுக்கு எதிரே பூஜைச் சாமான் விற்கும் கடையில், அம்மா வாங்கி வரச் சொன்னாள் என்று வாய் கூசாமல் பொய் சொல்லி, ஒரு மஞ்சள் கயிறும் ஒரு துண்டு விரலி மஞ்சளும் வாங்கினேன். மஞ்சளைக் கயிற்றில் முடிந்து, காலியான பவுடர் டப்பாவுக்குள் போட்டு, என் பெட்டியின் அடியில் வைத்திருந்தோம்.

எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். கம்பெனியில் ஓடும் அசெம்பிளி லைன் ஓரமாக எட்டு மணி நேரமும் நின்றபடி வேலை. வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறும். எங்களில் பாதிப் பேருக்கு மாதவிலக்கு சொன்ன நாளுக்கு வராது. டாக்டரிடம் போனால் முதல் கேள்வி, கல்யாணம் ஆகிவிட்டதா என்பதுதான். இல்லை என்றால் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு மேலும் கீழும் பார்ப்பார்கள். ஆகிவிட்டது என்றால் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மருந்து எழுதுவார்கள். அதனால் டாக்டரிடம் போகிறவள் பவுடர் டப்பாவைக் கேட்டு வாங்கி, பஸ் ஸ்டாப் மறைவில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, திரும்பி வந்ததும் கழற்றிக் கொடுத்துவிடுவாள். இந்த வாரம் யாருக்குக் கல்யாணம் என்று ஒருத்தியை ஒருத்தி கேலி செய்துகொள்வோம். அப்போது எனக்கு அது பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது.

விடுதிக்குள் அந்தக் கயிறு அகப்பட்டால் வேலை போய்விடும். எங்களைத் தென்மாவட்டங்களிலிருந்து அழைத்து வந்த ஏஜென்சி, கல்யாணமாகாத பெண்களை மட்டும்தான் எடுத்தது. கல்யாணம் ஆனவள் பிள்ளை பெறுவாள், லீவு கேட்பாள் என்பது அவர்கள் கணக்கு. சேரப்பணஞ்சேரிப் பக்கம் ஒரு மாடி வீட்டை முழுதாக வாடகைக்குப் பிடித்து எங்களை அடைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் வார்டன் அக்கா பெட்டிகளைத் திறந்து பார்ப்பாள். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடுவாள். தலைவலி மாத்திரை கிடைத்தால்கூட, “இன்னாடி இது, எதுக்கு வெச்சிகினு கீற?” என்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் படிப்பாள். அவளுக்கும் அதுதான் வேலை, அதைச் செய்யாவிட்டால் அவளை அனுப்பிவிடுவார்கள்.

அறையில் எனக்கு ஒரு பட்டம் இருந்தது. பிளஸ் டூவில் பயாலஜி குரூப் எடுத்தவள் நான் ஒருத்திதான். உடம்பு சம்பந்தமாக யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். நானும் பெரிய மனுஷி மாதிரி பதில் சொல்வேன். அந்தப் பட்டத்தின் யோக்கியதையை இப்போது சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. இனப்பெருக்கப் பாடம் வந்தபோது எங்கள் டீச்சர் புத்தகத்தை மூடிவிட்டு, இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்றார். வகுப்பு முழுவதும் பெண்கள்தான். இருந்தும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது. வீட்டில் யார் முன்னால் அதைத் திறந்து வைத்துப் படிப்பது? பரீட்சையில் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொன்னார்கள். கைடைப் பார்த்து உருப்போட்ட படத்தை வரைந்து முழு மார்க் வாங்கினேன். எந்தப் பாகம் எதற்கு என்று கேட்டிருந்தால் முட்டைதான் கிடைத்திருக்கும்.

என் கட்டிலுக்குக் கீழ்க்கட்டிலில் இருந்தவள் கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. என் வயதுதான், இருபது. பத்தாவது முடித்ததும் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கியவள், அதாவது சட்டத்தில் தீக்குச்சி செருகியவள். டிரெயினியாக இரண்டு வருடம் ஓட்டிவிட்டால் ஒரு பரீட்சை வைத்து, தேறியவர்களை நிரந்தரமாக்குவார்கள் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். அவள் உயிர் அந்தப் பரீட்சையில்தான் இருந்தது. தேறாமல் போனால் மறுபடி கட்டை அடுக்கப் போக வேண்டும், அடுத்த தையில் மாமன் மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதுகூட உதிரிப் பாகங்களின் பெயர்களை முணுமுணுத்துக்கொண்டிருப்பாள்.

அவளுக்கு ஒருவன் மேல் பிரியம் வந்தது. வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். கெட்டவன் என்று அவனைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் வரவில்லை. இருவருக்கும் ஒரே நாளில் விடுமுறை வாய்ப்பது அபூர்வம். வாய்த்தால் போய்வருவாள். ஒரு நாள் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது மெதுவாகக் கேட்டாள்.

“ஏட்டி, நீ பயாலஜிதான படிச்ச. புள்ள நிக்காம இருக்க என்ன செய்யணும்?”

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் போட்டால் போதும் என்று டிவியில் விளம்பரம் வருகிற ஒரு மாத்திரையைச் சொன்னேன். மறுநாள் நானே கயிற்றைக் கட்டிக்கொண்டு மெடிக்கல் மெடிக்கலாக ஏறி இறங்கினேன். ஒரு கடையிலும் இல்லை. டிவியில் காட்டுகிறார்களே என்றதற்கு, மற்ற ஊர்களில் கிடைக்கும், இங்கே வைத்தால் ஆயிரம் கேள்வி வரும், யாரும் வைப்பதில்லை என்றார் ஒரு கடைக்காரர். யார் கேட்பார்கள், எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் இப்போது நினைக்கிறேன். பக்கத்தில் நின்றவர்கள் பார்த்த பார்வைக்கு, இறங்கி வந்தால் போதும் என்று இருந்தது.

அடுத்து, ஒரு கிராமத்தில் துணை சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கே நர்சம்மா கல்யாணமானவர்களுக்கு மாத்திரை சும்மாவே கொடுப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். அவரிடம் ஒரு பெரிய நோட்டு இருந்தது. அந்தச் சுற்றுவட்டாரத்துத் தம்பதிகளின் பெயரெல்லாம் அதில் இருக்குமாம். எங்களைப் போல விடுதியில் கிடப்பவர்கள் எந்த நோட்டிலும் இல்லை. வீட்டுக்காரருக்குக் கம்பெனி வேலை, புதிதாகக் குடிவந்திருக்கிறோம் என்றேன். என் கழுத்தைப் பார்த்தார், ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். வெளியே பிள்ளைகளைக் கையில் வைத்துக்கொண்டு தடுப்பூசிக்கு வந்த கூட்டம். எப்படிப் போடுவது என்று நான் இழுத்ததும், “படிச்ச பொண்ணுதானே நீ? கவர் மேலயே எல்லாம் எழுதிகீது, பாத்துப் போட்டுக்கோ” என்று அடுத்தவளைக் கூப்பிட்டுவிட்டார்.

படித்த பெண் என்றதும் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பஸ்ஸில் கூட்டம், அதை வெளியே எடுக்க முடியவில்லை. இறங்கி விடுதித் தெரு முனைக்கு வந்ததும் வார்டன் அக்கா ஞாபகம் வந்தது. மேல் அட்டை இருந்தால் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவாள். எழுத்தில்லாத மாத்திரையை ரத்தச்சோகைக்கு என்று சமாளித்துவிடலாம். மாத்திரைப் பட்டையை உருவிக்கொண்டு, ஒரு வரி படிக்காமல் மேல் அட்டையை நாலாகக் கிழித்துச் சாக்கடையில் போட்டேன். மாத்திரையில் படிக்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். தலை வலித்தால் போடுகிறோம், வலிக்காவிட்டால் போடுவதில்லை.

ஆகவே அவளுக்கும் அப்படியே சொன்னேன், அவனைப் பார்க்கிற நாளில் ஒன்று போட்டால் போதும் என்று. அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. பட்டையில் வெள்ளையாக மூன்று வரிசை, கடைசி வரிசையில் மட்டும் செம்மண் நிறத்தில் ஏழு. ஏன் அந்த ஏழுக்கு மட்டும் வேறு நிறம் என்று கேட்டாள். ஒரு கணம் யோசித்தேன். அதற்கு வீரியம் ஜாஸ்தி, ரொம்பப் பயமாக இருக்கிற நாளில் அதைப் போட்டுக்கொள் என்றேன். அவள் அந்த ஏழையும் பொக்கிஷம்போல எண்ணி எண்ணிச் செலவழித்தாள்.

நாள் தள்ளிப்போனபோது முதலில் நாங்கள் பயப்படவில்லை. ஷிஃப்ட் மாறினால் தள்ளிப்போவது வழக்கம்தானே. இரண்டாவது மாதமும் வராதபோதுதான் பரிசோதித்துப் பார்த்தோம். இரண்டு கோடு விழுந்தது. அவள் அழவில்லை. பரீட்சைக்கு இன்னும் எத்தனை வாரம் இருக்கிறது என்று காலண்டரைப் பார்த்தாள்.

கருவைக் கலைப்பதே குற்றம், பிடித்தால் ஜெயில் என்றுதான் அறையில் எல்லாரும் நம்பினோம். நாட்டில் அதற்கு ஒரு சட்டம் இருக்கிறது, குறிப்பிட்ட வாரம் வரை டாக்டரே செய்யலாம் என்பதை எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. இருந்தாலும் வேறு வழி தெரியாமல் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எந்த ஊர் என்று சொல்ல விரும்பவில்லை, அன்றைக்கு எல்லா ஊரிலும் அப்படித்தான் இருந்திருக்கும். இந்த முறை கயிறு அவள் கழுத்தில். நர்ஸ் விவரம் எல்லாம் எழுதினார். குரலில் கடுமையே இல்லை. வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டார். வெளியூர் போயிருக்கிறார் என்றாள்.

“அவரு இல்லாம இதெல்லாம் செய்ய முடியாதும்மா. இட்டுகினு வா. அவரு கையெழுத்துப் போடணும்.”

எல்லாக் கதவையும் திறந்த கயிறு அந்த இடத்தில் எங்களைக் கைவிட்டது. கல்யாணமானவள் என்று சொன்னதால் புருஷனைக் கேட்டார்கள். ஆகாதவள் என்று சொல்லியிருந்தால் அப்பாவைக் கேட்டிருப்பார்கள்.

அவனுக்குப் போன் போட்டாள். வருகிறேன் என்றான். அந்த வாரமே அவனுடைய கான்ட்ராக்ட் முடிந்து, ஓசூருக்கு ஒரு லாரியில் ஏறிப் போய்விட்டான் என்று அவன் அறைக்காரர்கள் சொன்னார்கள். அதற்குப் பிறகு போன் அணைந்தே கிடந்தது. எங்கள் லைனில் மெயின்டனன்ஸ் பார்த்த ஓர் அண்ணனிடம், ஒரே ஒரு கையெழுத்து, புருஷன் என்று போட்டுக் கொடுங்கள் என்று நான் போய் நின்றேன். ரொம்ப நல்ல மனிதர். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். எனக்கும் இரண்டு பெண் குழந்தைகள் இருக்கிறார்கள், நாளைக்குப் போலீஸ் அது இது என்றால் அவர்கள் கதி என்னம்மா என்றார். அன்றிலிருந்து எங்களைக் கண்டால் வேறு வழியாகப் போனார். அவர் மேல் கோபப்பட எனக்கு என்ன அருகதை இருந்தது?

மூன்றாவது மாதம் முடியப்போகையில், பக்கத்து அறைக்காரி ஒருத்தி யாரிடமோ சொல்லி ஒரு பொட்டலம் வாங்கி வந்தாள். காகிதத்தில் மடித்த மாத்திரைகள். பெயரில்லை, எழுத்தில்லை. இந்தத் தடவை கிழித்துப் போட அட்டையே இல்லை. எத்தனை போட வேண்டும், எவ்வளவு நேரம் விட்டுப் போட வேண்டும் என்று சொன்னதை வாங்கி வந்தவளே பாதி மறந்திருந்தாள். மீதியை நான் குத்துமதிப்பாகச் சொன்னேன். பயாலஜி அல்லவா.

ரத்தப்போக்கு தொடங்கியது, நிற்கவில்லை. லீவு போடச் சொல்லி எல்லாரும் கெஞ்சினோம். பரீட்சை அடுத்த வாரம், லீவு போட்டால் உட்கார விடமாட்டார்கள் என்று தினமும் வேலைக்கு வந்தாள். துணி மாற்றக் கழிப்பறைக்குப் போக வேண்டுமானால் லைனில் ஒருவரை நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும். நானும் இன்னொருத்தியும் மாறி மாறி அவள் இடத்தில் நின்றோம். ஒரு வாரம் போனது. உடம்பு அனலாய்க் கொதிக்க ஆரம்பித்தது. பரீட்சையை எழுதிவிட்டாள். அதற்கு மறுநாள் முற்பகலில், ஓடிக்கொண்டிருந்த லைன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் லைனில் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சூப்பர்வைசர் அவளை எழுந்திருக்கச் சொல்லிக்கொண்டே வந்து, தரையைப் பார்த்ததும் லைனை நிறுத்தச் சொன்னார்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். துணைக்கு நான் போனேன். உள்ளே எல்லாம் சீழ் வைத்துவிட்டது, கருப்பையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று டாக்டர் சொன்னார். இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று என்னைத்தான் திட்டினார். ஒரு தாளை நீட்டினார்கள். உறவுமுறை என்ற இடத்தில் அக்கா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் அடையாள அட்டையைக்கூட யாரும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளையை வேண்டாம் என்று சொல்ல அவளுடைய கையெழுத்து செல்லவில்லை. இனி எந்தப் பிள்ளையும் வேண்டாம் என்று சொல்ல என் கையெழுத்து செல்லுபடியானது.

அவள் அம்மா ஊரிலிருந்து வந்தார். வயிற்றில் கட்டி, எடுத்துவிட்டார்கள் என்று சொன்னோம். நம்பினாரா என்று தெரியாது. பெண்ணின் தலையைக் கோதிக்கொண்டே இருந்தார். பரீட்சை முடிவு வந்தபோது அவள் பெயர் பட்டியலில் இருந்தது. ஆனால் உடல்தகுதிப் பரிசோதனையில் தள்ளிவிட்டார்கள். ஊருக்குப் புறப்படும் நாளில் அவள் பெட்டியை நான்தான் கட்டினேன். அப்போது அவள் சொன்னாள்.

“மாத்திரய தப்புச் சொல்ல முடியாதுட்டி. என் ஒடம்புக்குத்தான் அது ஒத்துக்கல.”

நானும் அதைத்தான் நம்பினேன். பவுடர் டப்பா பெட்டியிலேயே கிடந்தது. தூக்கி எறிய வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். இரண்டு மாதம் கழித்து மேல்மாடிக்காரி ஒருத்தி வந்து தயங்கித் தயங்கிக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

2013இல் எனக்குக் கல்யாணம் ஆனது. நிஜத் தாலி. வீட்டுக்காரருக்கு அதே பக்கத்தில் வேறொரு கம்பெனியில் வேலை, வாடகை வீடு. முதல் குழந்தை பிறந்த பிறகு எங்கள் பகுதி நர்சம்மா அதே மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். இந்தத் தடவை கிழிக்க வேண்டிய அவசியம் இல்லை. சோறு வேகட்டும் என்று அடுப்படியில் நின்றபடி மேல் அட்டையைப் படித்தேன். நாள் தவறாமல் தினமும் ஒன்று போட வேண்டும் என்று இருந்தது. கடைசி ஏழும் இரும்புச்சத்து மாத்திரைகள், கர்ப்பத்தைத் தடுக்காது என்று இருந்தது. நாலைந்து வரிதான். ஒன்றாம் வகுப்புப் படித்தவள்கூட எழுத்துக் கூட்டிப் படித்துவிடலாம். சோறு அடிப்பிடித்து வாசனை வந்து பக்கத்து வீட்டுக்காரம்மா கதவைத் தட்டும்வரை நான் அங்கேயே நின்றிருக்கிறேன்.

அவள் ரொம்பப் பயந்த நாட்களில் எல்லாம் இரும்புச்சத்து சாப்பிட்டிருக்கிறாள். கொடுத்தவள் நான்.

2015இல், கைக்குழந்தை நடை பழகும் முன்பே எனக்கு மறுபடி நின்றுவிட்டது. மாத்திரையை ஒழுங்காகப் போட்டும், இடையில் ஒரு வாரம் வாந்தி பேதியில் கிடந்ததில் தவறியிருக்கிறது. இப்போதைக்கு வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒப்புதல் படிவத்தைக் கொடுத்தார்கள். இப்போதெல்லாம் எந்தத் தாளையும் படிக்காமல் விடுவதில்லை. பெயர், வயது, முகவரி, என் சொந்த விருப்பத்தின் பேரில் சம்மதிக்கிறேன், கையெழுத்து. கையெழுத்துக்கு ஒரே ஒரு கோடு. பதினெட்டு வயது நிரம்பாதவராகவோ மனநிலை சரியில்லாதவராகவோ இருந்தால் மட்டும் காப்பாளர் கையெழுத்து என்று கீழே இருந்தது. புருஷன் என்ற சொல்லை மேலிருந்து கீழ்வரை தேடினேன். எங்கேயும் இல்லை. அவளுக்கு அன்றைக்கு இருபது வயது முடிந்திருந்தது. அவள் கையெழுத்து அழகாக இருக்கும், சுழித்துப் போடுவாள்.

நான் போட்டுக் கொடுத்ததும் நர்ஸ் தாளைத் திருப்பி என்னிடமே நீட்டினார்.

“கீழ வூட்டுக்காரரு கையெழுத்தும் வாங்கிக் குடுத்துடும்மா.”

இதில் அப்படி எங்கே இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தேன். ஐந்து வருடத்துக்கு முன்பே வேறு ஒருத்திக்காகக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. வெளியே குழந்தை அழுதுகொண்டிருந்தது. கேட்டால் நாளைக்கு வா என்று சொல்லிவிடுவார்களோ என்று இருந்தது. எனக்கு அன்றைக்கே வேலை முடிய வேண்டியிருந்தது. வராந்தாவுக்குப் போய், தாளையும் பேனாவையும் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். எங்கே போட வேண்டும் என்று கேட்டார். எங்கேயாவது போடுங்கள் என்றேன். ஓரத்தில் காலியாக இருந்த இடத்தில் போட்டார்.

அவள் பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்வாள். மாமன் மகன் வேறு இடத்தில் பெண் எடுத்துவிட்டான். அவள் மறுபடி தீப்பெட்டி ஆபீசுக்குத்தான் போகிறாள். அந்த ஏழு மாத்திரைகளைப் பற்றி அவளிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. போனை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் இந்த முறை சொல்லிவிட வேண்டும் என்றுதான் எடுப்பேன். அவளோ என் குழந்தையிடம் கொடுக்கச் சொல்வாள். அது உளறுவதைக் கேட்டுச் சிரிப்பாள், மறுபடி என்னிடம் கொடுக்கச் சொல்வாள்.

கலைத்ததற்குப் பிறகு வந்த முதல் பொங்கலுக்கும் பேசினாள். பிள்ளைக்குத் துணைக்கு இன்னொன்று பெற்றுக்கொள்ளவில்லையா என்று கேட்டாள். என்ன சொல்வது என்று தெரியாமல், என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டேன்.

“எனக்கும் அப்படித்தானட்டி ஆச்சு. அதுக்கு நாம என்ன செய்ய முடியும், மனச விட்டுராத” என்று எனக்கு ஆறுதல் சொன்னாள்.